ஏழு மாதம் பேசிப் பழகியவர்

இந்த மாதப் பாடம்: செல்போன் நட்பும் பால்வினை நோய்களும்



இந்தப் பாடத்தை இதழில் போடலாமா, வேண்டாமா என்று செயற்குழுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். "வீட்டுல ஆம்பளைங்களும் எடுத்துப் படிப்பாங்க. சங்கத்துல இதைத்தான் சொல்லித் தர்றாங்களான்னு கேப்பாங்களே" என்று ஒரு தலைவி தயங்கினார். அவருடைய தயக்கத்தில் நியாயம் உண்டு. சாயங்காலம் கூட்டத்துக்குப் போய் வருவதற்கே அந்தக் காலத்தில் எத்தனை பேச்சு கேட்டோம் என்று மூத்த உறுப்பினர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் கடைசியில் போடுவது என்றே தீர்மானம் ஆனது. அதற்குக் காரணம் எங்களைத் தேடி வந்த ஒரு சகோதரி. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். பெயர், ஊர், குழு எதுவும் இதில் இருக்காது. தயவு செய்து யார் என்று யோசிக்க வேண்டாம்.

அவருக்கு நாற்பது வயது நெருங்குகிறது. கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. சங்கக் கடனில் ஆரம்பித்த சிறு தொழிலை வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிறார். தவணை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. பேஸ்புக்கில் ஒருவர் நட்புக் கேட்டு வந்தார், இவரும் சரி என்றார். அப்புறம் வாட்ஸ்அப், அப்புறம் தினமும் இரவு போன். வேலையெல்லாம் முடித்து, பாத்திரம் கழுவி வைத்த பிறகு ஒரு மணி நேரம் பேச்சு. "சாப்பிட்டியான்னு என்னைக் கேக்க ஒரு ஆள் இருந்துச்சு மேடம்" என்றார். ஏழு மாதம் இப்படிப் பேசிய பிறகு நேரில் சந்தித்தார்கள். அதற்கு அடுத்த மாதம் மறுபடி சந்தித்தார்கள். ஆணுறை உபயோகித்தீர்களா என்று கேட்டோம். எங்களை வினோதமாகப் பார்த்தார். "எனக்குத்தான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிடுச்சே? அதோட அவர் என்ன ரோட்டுல போற ஆளா? ஏழு மாசமா தெரிஞ்சவராச்சே!"

சில வாரங்களில் அடிவயிற்றில் வலி. வாடையோடு வெள்ளைப்படுதல். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி மாத்திரை வாங்கினார், கொஞ்சம் குறைந்தது, மறுபடி வந்தது. இப்படி மூன்று தடவை. மூன்று மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஒருநாள் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, பாயைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். சுருட்டிய பாயை மறுபடி விரித்து மறுபடி சுருட்டினார். அப்போதுதான் ஏதோ இருக்கிறது என்று எங்களுக்குப் புரிந்தது.

அவர் பேசியது தப்பா, பழகியது தப்பா என்று விசாரிப்பது நம் வேலை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அவர் வயது வந்த பெண், அது அவருடைய வாழ்க்கை. நாம் யோசிக்க வேண்டியது அவர் சொன்ன ஒரே ஒரு வார்த்தையை. "தெரிஞ்சவர்."

என்ன தெரியும், என்ன தெரியாது?

ஏழு மாதப் பேச்சில் அவருக்கு நிறையத் தெரிந்திருந்தது. அந்த மனிதருக்கு டீயில் சர்க்கரை கம்மி, அம்மாவுக்கு மூட்டு வலி, மேலதிகாரி கடுகடுப்பானவர், எந்தப் பாட்டுக் கேட்டால் கண் கலங்கும், எல்லாம் தெரியும். ஆனால் வேறு யாரோடு பழகுகிறார், கடைசியாக எப்போது ரத்தப் பரிசோதனை செய்தார், செய்ததே உண்டா? ஒன்றும் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. மனசு தெரிந்தால் உடம்பும் தெரிந்த மாதிரி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

முன்பெல்லாம் ஒருவரைப் பற்றித் தெரிய வேண்டும் என்றால் பக்கத்து ஊரில் விசாரிக்கலாம். யார் வீட்டுப் பிள்ளை, எங்கே வேலை, குணம் எப்படி என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். செல்போனில் வருகிறவரைப் பற்றிச் சொல்ல அவரைத் தவிர வேறு ஆள் கிடையாது. போட்டோவும் அவர் கொடுத்தது, கதையும் அவர் கொடுத்தது. இரவு நேரத்தில், தனிமையில், காதோடு பேசுவதால் நெருக்கம் மட்டும் சீக்கிரம் வளர்ந்துவிடுகிறது. நேரில் சந்திக்கும் நாளில் அவர் நமக்கு அந்நியராகவே தெரிவதில்லை. ஆணுறை பற்றிப் பேசினால் அவரை அவமானப்படுத்துகிற மாதிரி ஆகிவிடுமோ என்று கூச்சம் வந்துவிடுகிறது. செல்போன் நட்பில் உடம்புக்கு வருகிற ஆபத்து இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மனிதர் கெட்டவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பால்வினை நோய் உள்ள ஆண் பெண் பலருக்கு வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. உலகம் முழுவதும் ஒவ்வொரு நாளும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குணப்படுத்தக்கூடிய பால்வினை நோய்கள் புதிதாகத் தொற்றுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியவே தெரியாது. "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று அவர் உண்மையாகவே நம்பிச் சொல்லியிருக்கலாம்.

பழைய பாடத்தில் ஒரு குறை

மூத்த சகோதரிகளுக்குப் புள்ளி ராஜாவை ஞாபகம் இருக்கும். 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் சுவர், பஸ், பேப்பர் எங்கே பார்த்தாலும், புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று கேள்வி இருந்தது. ஊரே பேசியது. அந்த விழிப்புணர்வு நிறைய உயிர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நம்புகிறோம். ஆனால் அந்தக் காலப் பிரச்சாரங்களால் நம் மனதில் வேறு ஒன்றும் பதிந்துவிட்டது. எய்ட்ஸ் என்றால் லாரி டிரைவருக்கு வருவது, பாலியல் தொழில் செய்கிறவர்களுக்கு வருவது, நமக்கு இல்லை என்ற எண்ணம்.

இந்த எண்ணத்துக்கு ஆரம்பத்திலேயே விதை விழுந்துவிட்டது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில்தான். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்துக் கொண்டுவந்தார். அவர் சேகரித்தது பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம். அதனால் அது 'அவர்களுடைய' நோய் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. இன்று நிலைமை என்ன? தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் 25 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறார்கள். ஐந்து பேரில் இரண்டு பேருக்கு மேல் பெண்கள். இவர்களில் கணவர் ஒருவரைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்கள் ஏராளம்.

அதனால்தான், "நான் எந்த ஆப்பும் வச்சிருக்கல, யாரோடவும் பேசல. எனக்கு எதுக்கு இந்தப் பாடம்?" என்று ஒரு குழுவில் கேட்ட அக்காவிடம், "சார் கையில் இருக்கிற போன்ல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா அக்கா?" என்று கேட்டோம். கூட்டம் சிரித்தது. அந்த அக்கா சிரிக்கவில்லை. பல்லடத்துக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகிற மகனிடமும், விடுதியில் தங்கி வேலை பார்க்கிற மகளிடமும் இதே போன் இருக்கிறது. டிண்டர், பம்பிள் என்று துணை தேடுவதற்கென்றே ஆப்கள் இருக்கின்றன. அவை இல்லாமலும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஏன், ஒரு ராங் காலிலிருந்துகூட இதே கதை ஆரம்பிக்கிறது.

ஆபரேஷன் எதைத் தடுக்கும்?

தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிப் பேருக்கு மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்கள். நம் குழுக்களில் கை தூக்கச் சொன்னால் இன்னும் அதிகமாகவே தூக்குவார்கள். ஆபரேஷன் ஆனதும் ஆணுறை என்ற பேச்சே வீட்டை விட்டுப் போய்விடுகிறது. ஆனால் அந்த ஆபரேஷன் கருக்குழாயை அடைக்கிறது, அவ்வளவுதான். கிருமி வருவதற்கு அது தடை இல்லை. காப்பர்-டி, கருத்தடை மாத்திரை, ஊசி எல்லாமே அப்படித்தான். கர்ப்பம், நோய் இரண்டையும் சேர்த்துத் தடுப்பது ஆணுறையும் பெண்ணுறையும் மட்டுமே. இந்த ஒரு விஷயத்தை மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னாலே இந்தப் பாடம் எழுதியதற்குப் பலன்.

பெண்ணுக்கு ஏன் ஆபத்து அதிகம்?

பெண்ணுறுப்பின் உட்பகுதி மென்மையானது, பரப்பும் அதிகம். ஆணிடமிருந்து பெண்ணுக்குத் தொற்று சுலபமாக வருகிறது. வந்தாலும் உள்ளே இருப்பதால் புண் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெட்டை நோயும் கிளமிடியா என்கிற தொற்றும் பெண்களிடம் பல சமயம் சத்தம் போடாமல் இருக்கும். கவனிக்காமல் விட்டால் கர்ப்பப்பை, கருக்குழாய் வரை ஏறி, நாள்பட்ட அடிவயிற்று வலி, குழந்தையின்மை, கர்ப்பப்பைக்கு வெளியே கரு தங்குதல் வரை கொண்டு போகும். நம் சகோதரிக்கு அடிவயிற்றில் வலி வந்ததும் இப்படி மேலே ஏறிய தொற்றால்தான்.

மேகப்புண் என்று பெரியவர்கள் சொல்கிற சிபிலிஸ் இன்னும் தந்திரமானது. முதலில் வலி இல்லாத ஒரு புண் வரும். சில வாரங்களில் எந்த மருந்தும் போடாமலே ஆறிவிடும். "சரியாப் போச்சு" என்று விட்டுவிடுவோம். புண்தான் ஆறுகிறது, நோய் ரத்தத்தில் இருக்கிறது. பல வருடம் கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடியது, கர்ப்பிணிக்கு இருந்தால் குழந்தைக்கும் போகும். இத்தனைக்கும் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பென்சிலின் ஊசியில் குணமாகிறது.

எச்.பி.வி. என்ற வைரஸ்தான் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம். ஆணுறை இதை ஓரளவு குறைக்கும், முழுதாகத் தடுக்காது. அதனால் 30 வயது தாண்டிய எல்லோரும், போன் நட்பு இருக்கிறதோ இல்லையோ, அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சில நிமிட வேலை. கூச்சம்தான் பெரிய தடை. மஞ்சள் காமாலை பி வகையும் உடலுறவு மூலம் பரவும், அதற்குத் தடுப்பூசி இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு வெள்ளைப்பட்டாலே பயந்து அழ வேண்டாம். வெள்ளைப்படுதல் எல்லாம் பால்வினை நோய் ஆகாது. சர்க்கரை நோய் இருந்தாலும், வேறு மருந்து சாப்பிட்டாலும்கூட அரிப்பு, வெள்ளைப்படுதல் வரும். எது என்ன என்று மருத்துவர் சொல்லட்டும். மெடிக்கல் ஷாப்காரர் சொல்ல வேண்டாம். கணவர் மீது சந்தேகப்பட்டுச் சண்டை போட்டுவிட்டு, பிறகு வெறும் பூஞ்சைத் தொற்று என்று தெரிந்து சங்கடப்பட்ட சகோதரியும் நம்மிடையே உண்டு.

"என்னை நம்பலையா?"

ஆணுறை என்று வாயெடுத்தால் வருகிற கேள்வி இது. பயிற்சியில் இதை இரண்டு பேர் இரண்டு பேராக நடித்துப் பார்த்தோம். என்ன பதில் சொல்லலாம் என்று உறுப்பினர்களையே கேட்டோம். ஒருவர் சொன்னது எங்களுக்கு ரொம்பப் பிடித்தது: "உங்களை நம்புறேன். ரத்தத்தை டாக்டர்தான் நம்பணும். வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே டெஸ்ட் பண்ணிக்குவோம்." இதைச் சந்திக்கிற இடத்தில் போய்ச் சொல்வது கஷ்டம். போனில் பேசும்போதே, பகலில், தெளிவாக இருக்கும்போது சொல்லிவிட வேண்டும். மாதக்கணக்கில் எல்லாம் பேசுகிறவர்கள் இதைப் பேசக் கூடாதா? கோபித்துக்கொண்டு போனை வைக்கிறவர் என்றால், நேரில் அவர் எப்படி நடப்பார் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ஆணுறை அவர் கொண்டுவருவார் என்று இருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நம்பிக்கை மையத்திலும் இலவசமாகக் கிடைக்கும். தேதி பார்த்து வாங்குங்கள். ஒன்றை ஒரு தடவைதான். இரண்டைச் சேர்த்துப் போட்டால் பாதுகாப்பு கூடாது, உரசிக் கிழியும். தேங்காய் எண்ணெய் தடவினால் ரப்பர் நைந்துவிடும். இதைச் சொன்னபோது கூட்டத்தில் பலர் தலை குனிந்து சிரித்தார்கள். அப்படியென்றால் தெரியாமல் இருந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

முதல் சந்திப்பு நாலு பேர் இருக்கிற இடத்தில் இருக்கட்டும். போகிற இடத்தை ஒரு தோழியிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். அந்தரங்கப் போட்டோ, வீடியோ யார் கேட்டாலும் அனுப்ப வேண்டாம். 2019-ல் பொள்ளாச்சியில் வெளியே வந்த கொடுமையை மறந்திருக்க மாட்டோம். பழகி, வீடியோ எடுத்து, மிரட்டினார்கள். அந்த வழக்கில் 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. பெண்கள் துணிந்து சாட்சி சொன்னதால் கிடைத்த தீர்ப்பு அது. யாராவது படத்தைக் காட்டி மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், மெசேஜை அழிக்காதீர்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் 181 என்ற பெண்கள் உதவி எண்ணிலும் பேசலாம். மிரட்டலுக்குப் பயந்து சிகிச்சைக்குப் போகாமல் இருந்த பெண்களையும் பார்த்திருக்கிறோம். மிரட்டல் ஒரு பக்கம், நோய் ஒரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்து வளரும்.

நடந்துவிட்டால் என்ன செய்வது?

பாதுகாப்பில்லாமல் உறவு நடந்துவிட்டது, அல்லது ஆணுறை கிழிந்துவிட்டது, அல்லது பலவந்தம் நடந்தது என்றால் நாள் பார்க்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க மருந்து இருக்கிறது. அதை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். தேவையா இல்லையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

எச்.ஐ.வி. பரிசோதனை நம்பிக்கை மையத்தில் இலவசம். கிருமி வந்த மறுநாளே பரிசோதனையில் தெரியாது. அதனால் இப்போது ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை பார்ப்பார்கள். "பேர் கேப்பாங்களா? புருஷன் யாருன்னு கேப்பாங்களா?" என்று எல்லாக் குழுவிலும் கேட்கிறார்கள். பெயர், வயது, திருமண விவரம் கேட்பார்கள். தனியாக உட்கார வைத்து ஆலோசகர் பேசுவார். நீங்கள் சம்மதித்தால்தான் ரத்தம் எடுக்கலாம், முடிவை வெளியே சொல்லக் கூடாது. இதற்கென்றே 2017-ல் சட்டம் வந்து 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தொற்று இருக்கிறது என்பதற்காக வேலையை விட்டு நீக்குவதும், சிகிச்சை மறுப்பதும் அந்தச் சட்டப்படி கூடாது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 1097-க்குப் போன் போட்டுப் பேசுங்கள். கட்டணம் இல்லை.

ஒருவேளை எச்.ஐ.வி. இருந்தாலும் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. 2004 ஏப்ரலில் தாம்பரம் உட்பட சில மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து ஆரம்பமானது. 2017 முதல் தொற்று தெரிந்த எல்லோருக்குமே உடனே மருந்து கொடுக்கிறார்கள். தினமும் ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது என்பது இன்று உறுதியான மருத்துவ உண்மை. வருடக்கணக்கில் மருந்து சாப்பிட்டுக்கொண்டு, சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டு இருப்பவர்களை எங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை.

நம் சகோதரியை நாங்களே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். பால்வினை நோய்ப் பிரிவுக்குச் சுகவாழ்வு மையம் என்று போர்டு போட்டிருக்கும். அந்தப் பெயரைப் படித்ததும் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்த மாதிரி இருந்தது. மருத்துவர் திட்டவில்லை. 14 நாள் மாத்திரை கொடுத்து, நடுவில் நிறுத்தக் கூடாது என்றார். அந்த மனிதரும் வந்து சிகிச்சை எடுக்க வேண்டும், இல்லையென்றால் அவருக்கும் ஆபத்து, அவரோடு பழகுகிற மற்றவர்களுக்கும் ஆபத்து என்றார். சகோதரி அங்கேயே வராந்தாவில் நின்று போன் போட்டார். எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், "எனக்கு ஒண்ணும் இல்ல, நீ யாருகிட்ட வாங்கினியோ" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று சாயங்காலமே நம்பரை பிளாக் செய்துவிட்டார். ஏழு மாதம் பேசியவர்.

வலி இப்போது இல்லை. முதல் எச்.ஐ.வி. பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. இரண்டாவது அடுத்த மாதம். கூடப் போகிறோம்.

இந்தப் பாடத்தை எழுதி முடித்து அவருக்கே முதலில் படித்துக் காட்டினோம். முழுவதும் கேட்டுவிட்டு, ஒன்றை மட்டும் சேர்க்கச் சொன்னார். "மெடிக்கல் ஷாப்ல மூணு தடவையும் சேர்த்து எனக்கு 740 ரூபாய் ஆச்சு மேடம். ஜி.எச்.ல ஒரு பைசா செலவில்ல. பஸ்ஸுக்கும் டிக்கெட் காசு இல்ல. அதையும் எழுதிடுங்க."